புதன்கிழமைக்கு ஒரு மாடி

மே 10

அன்புள்ள ஊசிக்கு,

ஸ்கேல் எழுதுகிறேன். இங்கே நானும் மகனும் மருமகளும் ஆண்டவர் கிருபையால் சுகம்.

உன் கடிதத்தை ஒரு முறை படித்தேன். என் கண்ணை நான் நம்பவில்லை. மருமகளைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள். அறுபத்தொரு வயதில் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தையற்காரர், மனைவியை இழந்து ஒன்பது வருடம், உங்கள் மருத்துவமனைக்குத் திரைச்சீலை தைக்க வந்தவர். ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, காலை பத்து மணி.

ஹாஸ்டலில் உன் வாய்க்குப் பயந்து நான் வைத்த பெயர் ஊசி, என் வளையாத பிடிவாதத்துக்கு நீ வைத்தது ஸ்கேல். நீ நர்ஸாகப் போனபோது பொருத்தம் என்றார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒரு தையற்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். இதைவிடப் பொருத்தம் எங்கே தேடுவது? சமையலறையில் நின்று சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். இரண்டும் சந்தோஷம்தான்.

ஒரே ஒரு குறை. என்னால் வர முடியாது போலிருக்கிறது. முழங்கால் சரியாக இல்லை. ஜனவரியிலிருந்து நான் கீழேயே இறங்கவில்லை. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. என் முட்டிக்காகப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தையே எங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள். இங்கிருந்தே உங்கள் இருவருக்காகவும் ஜெபிப்பேன்.

அன்புடன்,
ஸ்கேல்


மே 16

அடி ஸ்கேல்,

உன் வாழ்த்து வந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க ஃபிரண்டு நல்லா எழுதறாங்க, ஆனா முட்டி விஷயத்துல மட்டும் கையெழுத்து சின்னதாயிடுச்சே" என்றார். துணியில் நூலிழை விலகினால் கண்டுபிடிக்கிற ஆள்.

நான் முப்பத்தாறு வருடம் வார்டில் இருந்தவள். வயிறு வலிக்கிறவன் தலையைக் காட்டுவான், நெஞ்சு வலிக்கிறவள் தோளைக் காட்டுவாள். நீ முட்டியைக் காட்டுகிறாய். உன் வீட்டில் புது லிஃப்ட் இருக்கிறது, எட்டுப் பேர் ஏறலாம் என்று போன டிசம்பரில் ஒரு பக்கத்துக்குப் பெருமை அடித்து எழுதினாய். லிஃப்டில் ஏறி நிற்க எந்த முட்டி வேண்டும்?

உண்மையைச் சொல். போன் பண்ணாதே. என் இடது காது போயே போய்விட்டது, வலது காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கிறது. எழுது.

இன்னொன்று. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். அவர் பக்கம் அவருடைய சிநேகிதர், பட்டன் கடைக்காரர். என் பக்கம் நீ. வேறு யாரையும் நான் கேட்கப் போவதில்லை.

ஊசி


மே 22

அன்புள்ள ஊசிக்கு,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜனவரி ஏழாம் தேதி, மருமகள் ரொட்டி வாங்கி வரச் சொன்னாள் என்று லிஃப்டில் தனியாக இறங்கினேன். ஆறாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போய்விட்டது. நாற்பது நிமிடம். விளக்கு இல்லை, மணி அடிக்கவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தாராம்.

நீ சிரிக்கலாம். எட்டாம் வகுப்புக்கு முப்பத்து மூன்று வருடம் அறிவியலில் கப்பிப் பாடம் நடத்தியவள் நான். நூல்கண்டையும் சாவிக்கொத்தையும் வைத்து லிஃப்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று மேஜை மேல் செய்து காட்டுவேன். ஒரு பக்கம் பெட்டி, மறு பக்கம் எதிர் எடை. ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை தாங்கும். அத்தனை கயிறும் போனாலும் பிரேக் கடித்துக்கொள்ளும். எல்லாம் தெரியும். அந்த இருட்டில் தெரிந்தது ஒன்றும் உதவவில்லை.

ஆனால் நான் பயப்படுவது அதற்கில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஜெபிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சிறு வயதிலிருந்து தினமும் சொல்கிற பரமண்டல ஜெபம்கூட வரவில்லை. முதல் வார்த்தையைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், பலகையை அழித்த மாதிரி இருக்கிறது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று எல்லோருக்காகவும் ஜெபித்தவள், ஊசி. எனக்கென்று ஒன்று வந்தபோது உள்ளே காலி. இத்தனை வருடம் நான் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேனா?

அதனால்தான் அந்தப் பெட்டிக்குள் மறுபடி போக முடியவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கிறது. படியில் இறங்கலாம் என்றால் ஒன்பது மாடி. முட்டி வலி பொய் இல்லை, அது அத்தனை மாடிக்குத் தாங்காது. மகனிடம் சொல்லவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் பாவம், அவர்கள் உருகி உருகி என் முட்டிக்காக ஜெபிக்கிறார்கள். நான் ஆமென் சொல்கிறேன்.

இப்போது தெரிந்துவிட்டதா? கோபித்துக்கொள்ளாதே.

ஸ்கேல்


மே 29

என் அன்பு ஸ்கேல்,

கோபம் இல்லை. நாற்பது நிமிடம் நீ தனியாக இருந்திருக்கிறாய், நான் அன்றைக்கு இங்கே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்திருப்பேன் என்பதுதான் வருத்தம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் பழைய போதகருக்குக் குடல்வால் ஆபரேஷன். எத்தனையோ பேர் படுக்கை அருகில் நின்று ஜெபித்தவர். தியேட்டர் வாசலில் டிராலியில் படுத்திருக்கிறார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. நீங்க சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். எனக்கும் பாதியில் வரி தவறிவிட்டது. மீதியை டிராலி தள்ளுகிறவர் சொன்னார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார், பத்திரமாக வெளியே வந்தார். அவர் ஒப்பித்துக்கொண்டிருந்தவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வராத நேரத்துக்குத்தான் நாங்கள் இரண்டு பேர் அங்கே நின்றோம்.

ஞாயிறு பள்ளியில் நீயே நடத்தியிருப்பாய். நடக்க முடியாதவனை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி, கூட்டத்தில் வழி இல்லாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னால் இறக்கினார்களே. அந்தப் படுக்கையில் கிடந்தவன் ஜெபித்தான் என்று எங்கேயாவது இருக்கிறதா? அவன் பாட்டுக்குக் கிடந்தான். கயிறு பிடித்தவர்களுடைய விசுவாசத்தைத்தான் ஆண்டவர் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதல் லிஃப்ட் அதுதான். கரண்டும் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. இது டியூட்டி நர்ஸின் உத்தரவு.

ஊசி


ஜூன் 19

அன்புள்ள ஊசிக்கு,

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே நடக்கிற கூத்தில் பேனா எடுக்க நேரமில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் மூன்று பேர். ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. அடுத்தவர் பேக்கரி அக்கா. மூன்றாவது ஒரு பல் டாக்டர், எல்லோரிலும் சின்னவள். நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன். பிறகு கண்டக்டர் கேட்டார்: "இதுக்கா டீச்சர், அஞ்சு மாசமா உங்க முட்டிக்கு ஜெபம் பண்ண வெச்சீங்க?"

"போனாப் போகட்டும், விடு. முட்டியும் நல்லாயிருக்கும்" என்றார் பேக்கரி அக்கா.

பல் டாக்டர் சொன்னாள், "ஆன்ட்டி, என் நாற்காலில உட்கார்றவங்க எல்லாருமே பயந்தவங்கதான். நான் அவங்களைத் தைரியமா இருங்கன்னு சொல்றதே இல்ல. கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்னு மட்டும் சொல்வேன். பாதிப் பேர் தூக்கவே மாட்டாங்க."

அப்போது சமையலறை வாசலில் மருமகள் நிற்பதைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. "நான்தானே அத்தை உங்களை அன்னைக்கு ரொட்டிக்கு அனுப்பினேன்" என்றாள். "எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறீங்க, என் மேலதான் ஏதோ கோபம்னு நினைச்சிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." ஐந்து மாதம் ஒரே வீட்டில், ஊசி. ஒரு பயத்தை மறைக்க நான் இன்னொரு பெண்ணுக்கு ஒரு பயத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்று அவளும் எங்களோடு உட்கார்ந்தாள்.

திட்டம் போட்டது கண்டக்டர். "ஒரு புதன்கிழமைக்கு ஒரு ஸ்டாப். அவசரப்படக் கூடாது, ஸ்டாப் இல்லாத இடத்துல இறங்கவும் கூடாது." போன வாரம் ஒன்பதாம் மாடியிலேயே லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. பேக்கரி அக்கா ஒரு பாட்டு ஆரம்பித்தார், மூன்று சரணம் பாடினோம். நான்காவது சரணத்தில் வாட்ச்மேன் ஒன்பது மாடியும் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். "டீச்சரம்மா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. கீழ பதினோரு பேர் நிக்கறாங்க."

நேற்று கதவை மூடினோம். எட்டாம் மாடி வரை போனோம். பதினோரு வினாடி, மருமகள் எண்ணினாள். பேக்கரி அக்காவின் ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, இது நல்ல லிஃப்டு. நாங்களும் சுமாரான ஜனங்கதான். இறக்கி விடும்." எட்டாம் மாடி நடையில் பிளாஸ்க் திறந்து டீ குடித்தோம். என் டம்ளரிலிருந்து பாதி டீ சிந்தியது. ஆனால் ஊசி, நான் எட்டாம் மாடியில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் எட்டு மாடி, எட்டுப் புதன்கிழமை. ஆகஸ்ட் 13-ம் தேதி தரையில் நிற்பேன். பதினாறு உன் கல்யாணம். மூன்று நாள் மிச்சம்.

உன் சாட்சி,
ஸ்கேல்


ஜூன் 27

அன்புள்ள ஊசிக்கு,

கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்கேல் வளைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

எட்டாம் மாடி வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. வகுப்பில் பார்த்திருக்கிறேன், ஒரு கணக்கு சரியாக வந்ததும் அடுத்ததைப் படிக்காமலே போடுகிற பிள்ளைகளை. செவ்வாய்க்கிழமை மருமகள் வேலைக்குப் போன பிறகு, தனியாகவே ஏழாம் மாடி வரை போய் வந்து புதன்கிழமை எல்லோரையும் திகைக்க வைக்கலாம் என்று கிளம்பினேன். லிஃப்ட் வந்தது. உள்ளே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஜெபிக்க ஆரம்பித்தேன். இந்த முறை ஜெபம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பட்டனை அமுக்கவே மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் மாடியில் யாரோ லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதவு மூடியது, நகர்ந்தது. நான் இறங்குகிறேன் என்றே நினைத்தேன். கதவு திறந்ததும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே ஈரத் துணி வாளியோடு ஒருவர் நிற்கிறார். "யாரைப் பார்க்கணும்?" என்கிறார். வானம் பக்கத்தில் தெரிகிறது.

கல்யாணத்துக்கு வரக் கிளம்பியவள் மூன்று மாடி தள்ளிப் போய்விட்டேன். அது தெரிந்ததும் வெளியே இறங்கிவிட்டேன். மறுபடி லிஃப்டுக்குள் போக முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்கி வீடு வந்தேன். முட்டி இரண்டும் பூசணிக்காய். இரண்டு வாரம் அசையக் கூடாது என்கிறார் டாக்டர். இப்போது உண்மையாகவே முட்டிதான், ஊசி. யாரும் நம்புவதாக இல்லை.

கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "ரூட் மாத்தி ஏறினா இப்படித்தான்" என்றார். அரை மணி நேரம் என் காலைப் பிடித்துவிட்டுப் போனார்.

கணக்கு போச்சு.

ஸ்கேல்


ஜூலை 2

என் அன்பு ஸ்கேல்,

வாளிக்காரரை நினைத்து இரண்டு நாளாகச் சிரிக்கிறேன். அவர் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு அம்மா மேலே வந்தார், ஆமென் சொன்னார், படியில் போய்விட்டார் என்றா?

காலைத் தலையணை மேல் உயர்த்தி வை. துணியில் ஐஸ் சுற்றி வை, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும்.

இவர் ஒன்று சொல்லச் சொன்னார். துணி கிழிந்தால் கிழிந்த இடத்திலேயே ஊசியைக் குத்தக் கூடாதாம். "ரெண்டு விரல் தள்ளி, நல்ல துணியில ஆரம்பிக்கணும். அப்பதான் தையல் நிக்கும்" என்கிறார். ஆகையால் ஏழாம் மாடிக்கு அவசரப்படாதே. போய்ப் பழகிய எட்டாம் மாடியிலிருந்தே மறுபடி ஆரம்பி.

இங்கே எல்லாம் நடக்கிறது. என் தம்பிதான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "இந்த வயசுல ஊர் என்ன சொல்லும்?" என்று ஒரே ஒரு முறை கேட்டான், அதோடு சரி. நான் வளர்த்த பிள்ளை. சரி, அதை விடு.

ஊசி


ஜூலை 31

அன்புள்ள ஊசிக்கு,

நேற்று அந்த இடத்தைக் கடந்துவிட்டேன்.

உன் தையற்காரர் சொன்னபடி எட்டாம் மாடியிலிருந்து ஆரம்பித்தோம். அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்து ஆறு. ஏழாம் மாடியில் ஒரு நாய் இப்போது எங்களுக்காகக் காத்திருக்கிறது, பேக்கரி அக்கா அதற்குப் பிஸ்கட் கொண்டு வருகிறார். ஆறாம் மாடியில் ஒரு வயலின்காரர் நடைக்கு நாற்காலி கொண்டு வந்து போடுகிறார்.

நேற்று ஆறிலிருந்து ஐந்து. காலையிலிருந்து சாப்பிடவில்லை. லிஃப்டுக்குள் மருமகள் என் வலது பக்கம், பல் டாக்டர் இடது பக்கம். "கையைத் தூக்கினா நிறுத்திடலாம் ஆன்ட்டி." கண்டக்டர் பட்டன் பக்கம் நின்று, "போலாம், ரைட்" என்றார். கதவு மூடியது. பேக்கரி அக்கா பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். எனக்கு முதல் வரி வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. அவர்கள் நான்கு பேரும் சொல்லிக்கொண்டே போனார்கள், எனக்காக நிற்கவில்லை. நடுவில் எங்கேயோ, அன்றாட அப்பம் வருகிற இடத்தில், என் குரலும் சேர்ந்திருப்பதைக் கேட்டேன். எப்போது சேர்ந்தது என்று தெரியாது. ஆமென் சொல்லும்போது ஐந்தாம் மாடி.

ஐந்தாம் மாடியிலும் பிளாஸ்க் திறந்தோம். டீ சிந்தவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். இப்போது கணக்கு. ஆகஸ்ட் 6-ல் நான்கு, 13-ல் மூன்று. 16-ம் தேதி உன் கல்யாணம். மூன்று மாடி குறைகிறது. ஒரே நாளில் இரண்டு மாடி போய்ப் பார்க்கலாம் என்று சாயங்காலம் முயன்றேன். பாதியில் கையைத் தூக்கிவிட்டேன். அந்த வாளிக்காரரால் போன வாரங்கள் இப்போது இடிக்கின்றன, ஊசி. உன்னைப் போலச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வருத்தமாக இருக்கிறது.

ஸ்கேல்

பி.கு. கண்டக்டருக்கு உன் ஊர் வழியில் ஓடுகிற எல்லாப் பஸ்காரர்களையும் தெரியும். இனிமேல் கடிதத்தை அவரிடம் கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் உன் கையில் இருக்குமாம். நீயும் அப்படியே அனுப்பு.


ஆகஸ்ட் 3

என் தங்க ஸ்கேல்,

அழுதுகொண்டே படித்தேன், அன்றாட அப்பம் வரை.

நீ வருத்தப்பட வேண்டாம். வழி கண்டுபிடித்துவிட்டேன். நீ இறங்க முடியாவிட்டால் நாங்கள் ஏறுகிறோம். போதகரிடம் பேசிவிட்டேன். உங்கள் ஒன்பதாம் மாடி வீட்டிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், பதிவேட்டைக் கையோடு கொண்டு வருகிறேன் என்கிறார். பத்துப் பேர் வருவோம். உன் மருமகளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டு எழுது.

ஊசி


ஆகஸ்ட் 5

அன்புள்ள ஊசிக்கு,

மருமகள் இப்போதே திரைச்சீலையைத் துவைக்கப் போட்டுவிட்டாள். மகன் சோபாவை நகர்த்தி அளந்து பார்க்கிறான், முப்பது பேர் நிற்கலாமாம். என் கூடத்தில் உன் கல்யாணம். இனி ஒரு மாடிகூட இறங்க வேண்டாம் என்று நினைத்ததும் உடம்பே லேசாகிவிட்டது. நன்றி, நன்றி.

ஸ்கேல்


ஆகஸ்ட் 8

என் அன்பு ஸ்கேல்,

நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று. இப்போது தூங்குகிறேன். இதுதான் எல்லோருக்கும் நல்லது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கோயிலில், பின்வாசலிலிருந்து பலிபீடம் வரை, இந்த நரைத்த தலையோடு நடக்க வேண்டாம். பாடகர் குழு வேண்டாம். பாதிப் பேரை நான்தான் பிரசவ அறையில் கையில் வாங்கினேன், அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். தம்பிக்கும் சங்கடம் இல்லை, அவன் வர வேண்டியதே இல்லை. கோயிலுக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். இவர் மட்டும் கொஞ்சம் முகம் வாடினார். நூறு பேருக்கு மேல் கூப்பிட்டுவிட்டாராம். "உங்க இஷ்டம்" என்றார். சரியாகிவிடும்.

உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஊசி


ஆகஸ்ட் 10

அன்புள்ள ஊசிக்கு,

இந்தக் கடிதம் உனக்குப் பிடிக்காது. பொறுமையாக உட்கார்ந்து படி.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பரீட்சை நாளில் யாருக்காவது தலை சுற்றினால் முதலில் எழுந்து நிற்பாள். "டீச்சர், நான் இவளை ரெஸ்ட் ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்." நெற்றியில் கை வைப்பாள், விசிறுவாள், பரீட்சை முடியும் வரை திரும்பி வர மாட்டாள். நல்ல மனசுள்ள பெண்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அவளும் பாடம் படிக்காமல் வந்திருப்பாள். நான் அதைக் கண்டுபிடிக்க மூன்று பரீட்சை ஆயிற்று.

உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கடிதம் ஆயிற்று. எனக்கு நன்றி சொல்கிறாயே, எதற்கு? என் பயத்துக்குப் பின்னால் உனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் கிடைத்ததற்கு. நானும் அதையேதான் செய்தேன், என் முட்டிக்குப் பின்னால். அதனால்தான் எனக்குத் தெரிகிறது.

என் பயம் ஒரு பெட்டிக்கு. உன் பயம் முந்நூறு ஜோடிக் கண்ணுக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை மாதமாக யோசித்துவிட்டு ஒன்று சொல்கிறேன். பயப்படாதே என்று வேதத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் வகுப்பில் நாம் யாரிடம் அழாதே என்கிறோம்? அழுகிற பிள்ளையிடம்தான், பக்கத்தில் போய், தோளில் கை வைத்து. பயந்தவர்களுக்குத்தான் ஆண்டவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் வராமல் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகையால் என் வீட்டில் கல்யாணம் இல்லை. மருமகளிடம் சொல்லிவிட்டேன். "துவைச்ச திரைச்சீலை வீணாகாது அத்தை, ஆனா நீங்க எப்படி?" என்றாள். இனி வேண்டாம் என்றும் கண்டக்டர் விடாததில், புதன்கிழமை நான்காம் மாடிதான் வந்திருக்கிறேன். மீதி எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் பதினாறாம் தேதி பத்து மணிக்கு உன் கோயிலில் நான் இருப்பேன். அவர் அழைத்த அத்தனை பேரும் வரட்டும். தம்பியை நீயே போய்க் கூப்பிடு. வர வேண்டியதில்லை என்று நீ தீர்மானிக்காதே, அதை அவன் சொல்லட்டும்.

கோபம் வந்தால் பதில் போடாதே. அதற்காக நான் வராமல் இருக்க மாட்டேன்.

ஸ்கேல்


ஆகஸ்ட் 16
காலை 9.40, கோயில் பக்கத்து அறை வாசலில்

ஊசி,

நீ பதில் போடவில்லை. அரை மணி நேரமாகக் கதவையும் திறக்கவில்லையாம். உன் மாப்பிள்ளை இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறார். சட்டையில் பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் வந்துவிட்டேன்.

புதன்கிழமை மூன்றாம் மாடி. இன்று காலை ஐந்தரை மணிக்கு ஒன்பதிலிருந்து நேராகத் தரை. நாங்கள் ஐந்து பேரும் ஏறினோம். நாலு மாடி தாண்டியதும் தூக்கலாமா என்று பார்த்தேன், இரண்டு கையையும் இரண்டு பக்கம் பிடித்திருந்தார்கள், தூக்க வழியில்லை. மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றது. ஒருவர் சைக்கிளோடு உள்ளே வரப் பார்த்தார். "அடுத்த வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்றார் கண்டக்டர். அந்த மனிதர் சரி என்று பின்னால் போய்விட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் இரண்டாம் மாடி, முதல் மாடி எப்போது போயிற்று என்று தெரியவில்லை. கதவு திறந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்றார். தெருவில் காற்று அடித்தது. ஏழு மாதம், ஊசி. பேக்கரி அக்கா நடைபாதையிலேயே ஸ்தோத்திரம் சொன்னார்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். திரும்பிப் போகும்போது மறுபடி ஏற வேண்டுமே என்ற எண்ணம் இப்போதும் கூடவே இருக்கிறது. இருக்கட்டும். அதோடுதான் வந்தேன்.

கோயில் நிறைந்துவிட்டது. முந்நூறு இல்லை, அதற்கு மேல். நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் எதையும் சொல்லிச் சிரிக்கவில்லை. ஒரு அம்மா தன் பெரிய மகனைக் காட்டி, "சிஸ்டர்தான் இவனை முதல்ல தூக்கினாங்க" என்று பக்கத்து வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடம் போதாமல் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவன் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தான், ஒரு கையில் இரண்டு. சட்டையெல்லாம் வேர்வை. என்னை அடையாளம் கண்டு நின்றான். "அக்கா என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்துச்சு. நான் ஒண்ணும் பேசல, அது அழுதுட்டே போயிடுச்சு" என்றான். பிறகு, "அது வெளிய வந்துடும்ல?" என்று கேட்டான். உன் தம்பி.

வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஜெபம் வரவில்லை என்றால் பரவாயில்லை. இங்கே ஆறு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தாழ்ப்பாளை மட்டும் எடு. வாசலில் ஒரு பக்கம் அவர் நிற்கிறார், மறு பக்கம் நான் நிற்கிறேன். நடுவில் உனக்கு இடம் விட்டிருக்கிறோம்.

ஸ்கேல்